ஐயா குடித்த மருந்து

கடைக் கதவில் அறிவித்தல் ஒட்டப் போனவன் பசையை ஆபீசிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன்.

மடுல்கெல்லைக்கு ஏறும் பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே, பத்துப் பதினைந்து கடைகள் உள்ள சின்னக் கடைத்தெரு அது. காலை பத்து மணி இருக்கும். தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. ஒரு கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேக்கைத் துழாவினேன். பசை இல்லை. ஒரு அழைப்பிதழ்தான் கையில் தட்டுப்பட்டது. ஹனீபா நானா தன் மகளின் நிக்காஹ்வுக்கு வரச் சொல்லி முந்தின வாரம் தந்தது. நான் மூட வந்திருந்ததும் அதே ஹனீபா நானாவின் சாப்பாட்டுக் கடையைத்தான்.

நானா என்னைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். உள்ளே போய், ரொட்டிக்கு வைத்திருந்த கோதுமை மாவில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினார்.

"இதப் பூசுங்க ஐயா. நல்லாப் பிடிக்கும்."

வாங்கிப் பூசினேன். கை கூசவில்லை என்றால் நம்புவீர்களா? உண்மையில் கூசவில்லை. ஊரில் பரவிய நோயின் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்ட கெட்டிக்காரன் நான் என்கிற மிதப்பில் இருந்தேன்.

"எங்கட கடையிலேந்துதான் வந்திச்சிண்டு நிச்சயமா ஐயா?" என்று நானா கேட்டார்.

"நிச்சயம்தான் நானா."

சமையலறைத் திரைக்குப் பின்னால் அவருடைய மகள் பஸ்லா நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. நான் வந்தால் கேட்காமலே பால் விடாத பிளேன்டி ஊற்றி அனுப்புகிற பிள்ளை. அன்றைக்கும் ஒரு கிளாஸ் மேசைக்கு வந்தது. மூடப்பட்ட கடையில் எதையும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பசை நன்றாகத்தான் பிடித்தது.

சுடுதண்ணி ஐயா

போன இதழில் நான் எழுதிய நாய்க்கடிக் கதையைப் படித்துவிட்டு கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வாசகர் பேசினார். "எல்லாக் கதையிலும் கடைசியில் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள்" என்று கிண்டல் செய்தார். அவருக்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

என் வேலை பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது, பீ.எச்.ஐ. என்றால் தமிழருக்கும் புரியும், சிங்களவருக்கும் புரியும். கொசு, நாய், கக்கூஸ், கடைச் சமையலறை எல்லாம் எங்கள் தலையில்தான். கொரோனாக் காலத்தில் நான் முன்வாசலுக்கு வந்தால் ஆட்கள் பின்வாசலால் ஓடினார்கள்.

எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சுடுதண்ணி ஐயா. போகிற இடமெல்லாம், "தண்ணியக் கொதிக்க வச்சீங்களா?" என்று கேட்பேன். கலியாண வீட்டிலும் கேட்பேன், செத்த வீட்டிலும் கேட்பேன். ஒருமுறை செத்த வீட்டில் நான் அப்படிக் கேட்டதும், பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களே சிரித்துவிட்டார்கள். செத்தவரின் மகன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் 'கொதித்தாறிய நீரையே பருகுங்கள்' என்ற சுவரொட்டி இருக்கிறது. நான்தான் ஒட்டினேன். என் மனைவி ரீட்டா தோட்டப் பாடசாலையில் டீச்சர். கலியாணமான புதிதில், "பூனைக்குமா?" என்று கேட்டாள். பூனைக்கும்தான் என்றேன். பூனையும் பதினாறு வருடம் கொதித்தாறிய நீர் குடித்துத்தான் செத்தது.

இவ்வளவு கண்டிப்புக்கும் ஒரு காரணம் உண்டு. பதினொரு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பராவில் ஒரு மாதம் சுருண்டு கிடந்தேன். சோறு என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும். அம்மா கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் கலந்து தினமும் காலையில் தந்தார். எழுந்துவிட்டேன். மருந்தால் எழுந்தேனா, அதுவாக எழுந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரால் பரவும் அந்த வகைக் காமாலை ஒருவருக்கு ஒரு தடவை வந்துபோனால் மறுபடி வராது என்பது, பின்னால் இந்த வேலைக்குப் படிக்கும்போது தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குத் தேவைப்படும்.

பச்சையாகக் குடிக்க வேண்டியது

எல்லாம் ஒரு யாத்திரையில் தொடங்கியது. பஸ் பிடித்து வடக்கே மாதா கோவிலுக்குப் போய்வந்தவர்களில், மேல் லயத்துக் குடும்பம் ஒன்றுக்குக் காமாலை வந்தது. நான் போய் விசாரித்தேன். போன இடத்துத் தண்ணீரில் பிடித்திருக்கிறது என்று எழுதினேன். லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போட்டேன். அந்தக் குடும்பம் தேறிவிட்டது. ஊருக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் ரீட்டாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கீழாநெல்லிச் சாறு குடித்தால் காமாலை கிட்ட வராது என்று யாரோ எழுதி, யாரோ அனுப்பி, ஊரெல்லாம் சுற்றி வந்த செய்தி. ரீட்டாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் மாதர் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரோடு போய்ப் பை பையாகப் பறித்து வந்தாள். பிளெண்டரில் அரைத்து, மோரில் கலந்து, பெரிய அலுமினியச் சட்டியில் ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வேதக் கோவில் முற்றத்தில் வைத்தாள்.

சட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கிட்டப் போகத்தான் ஒருவரும் இல்லை. பச்சைப் பசேல் என்று, நுரையோடு, பார்த்தாலே நாக்குக் கசந்தது.

"இங்க வாங்க" என்று ரீட்டா என்னைக் கூப்பிட்டாள். "நீங்க ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டுங்க. அப்பத்தான் இவங்க குடிப்பாங்க."

வாங்கினேன். ஒரே மூச்சில் குடித்தேன். கிளாசைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். கை தட்டினார்கள். "குடிங்க, ஒன்னும் செய்யாது" என்று வேறு சொன்னேன். அதற்கப்புறம் வரிசை கோவில் வாசல்வரை போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அன்றைக்கு மிஞ்சிய கடைசிக் கிளாசை ரீட்டா குடித்தாள்.

வாசகர்களில் யாராவது இப்போதே தலையில் கை வைத்திருக்கலாம். நான் அன்றைக்கு வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கீழாநெல்லியைப் பச்சையாகத்தான் குடிக்க வேண்டும், சூடு காட்டினால் குணம் போய்விடும். கொரோனாக் காலத்தில் ஊரெல்லாம் குடித்த கொத்தமல்லி கொதிக்கக் கொதிக்க அவித்தது. இது அப்படி இல்லை. இதை நானும் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன். செத்த வீட்டில் தண்ணீரைப் பற்றிக் கேட்கிற வாய், அந்தச் சட்டியின் முன்னால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கெட்டிக்காரனின் விசாரணை

சுமார் ஒரு மாதம் போனது. அப்புறம் ஒரே வாரத்தில் ஊர் மஞ்சளாகிவிட்டது.

மிகைப்படுத்தவில்லை. மருந்தகத்து வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கண்களைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள், மாஸ்டர்மார், கோவிலில் பாட்டுப் பாடுகிற பிள்ளைகள். கண்டி ஆஸ்பத்திரியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு வரிசைக் கட்டில் ஒதுக்கியது போலிருந்தது. இருபது வருட வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறினேன். கடந்த ஆறு வாரத்தில் எங்கே சாப்பிட்டீர்கள்? என்ன குடித்தீர்கள்? தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? கொதிக்க வைக்கிறீர்களா? ஏறக்குறைய எல்லாரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்திருந்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஒரு தடவையாவது ஹனீபா நானா கடையில் சாப்பிட்டிருந்தார்கள். அது போதாதென்று, அந்தக் கடையில் ரொட்டி போடுகிற ஜோசப்புக்கும் கண் மஞ்சளாகிவிட்டது.

எனக்கு வேறு என்ன வேண்டும்? அன்றைக்கே அறிக்கை எழுதினேன். எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி ஒரு சிங்களப் பெண், நல்ல மனுஷி. டாக்டர் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். என் அறிக்கையை நம்பிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் நான் காகிதத்தோடு போனேன், பசையில்லாமல்.

கடை மூடிய அன்று பின்னேரமே ஒரு குரல் பதிவு போன் போனாகச் சுற்றத் தொடங்கியது. கடையைப் பற்றிய பேச்சு கடைக்காரரின் மதத்தைப் பற்றிய பேச்சாக மாற ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. அவர்கள் வேண்டுமென்றே சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்களாம். இந்தப் பக்கத்தில் கடைகள் எரிந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் என் அறிக்கையில் பிழை இருக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் கம்பளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போன் பண்ணினார்கள். நிக்காஹ்வைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம் என்றார்களாம். எவ்வளவு காலத்துக்கு என்று நானா கேட்டதற்கு, "பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். 'பாப்போம்' என்றால் என்ன என்று பெண்ணைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

வருத்தம் வராதவர்கள்

ஒரு வாரம் கழித்து டாக்டர் மிஸ் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சிங்களத்தில்தான் பேசினோம்.

"யேசுதாசன், நோய் வந்தவர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வராதவர்களிடம் கேட்டீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "வராதவனிடம் என்ன மிஸ் கேட்பது?"

"வந்தவனிடம் கேட்ட அதே கேள்விகளைத்தான். உங்கள் ஊரில் அந்தக் கடையில் சாப்பிடாதவர் யார்? கடைக்காரர் வீட்டில் எட்டுப் பேர், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. ஒருவருக்கும் ஒன்றும் இல்லையே, ஏன்?"

நான் மூடியது ஊரில் இருக்கிற ஒரே சாப்பாட்டுக் கடையை. அதில் எல்லாரும்தான் சாப்பிட்டிருப்பார்கள். படித்த பாடம்தான் இது. ஆனால் வழியில் காரணம் ஒன்று கிடைத்ததும் அதற்கு மேல் தேடாமல் நின்றுவிட்டேன்.

மறுநாள் காலையில் நடு லயத்துக்குப் போனேன். அங்கே பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கிற பெண். வருத்தம் வந்து தேறிக்கொண்டிருந்தாள். அடுத்த காம்பராவில் கமலம். அவளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரையும் வாசலில் உட்கார வைத்து ஒரே கேள்வியை இரண்டு பேரிடமும் கேட்டேன்.

"நானா கடைல சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு பேரும்தான் ஐயா" என்றாள் பாக்கியம். "ஒரு கொத்து ரொட்டிய வாங்கி ஆளுக்குப் பாதியா தின்னோம்."

"தண்ணி?"

"ஒரே பீலிதான். கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம். இல்லாட்டி நீங்க உசுர எடுப்பீங்களே" என்றாள் கமலம்.

ஐஸ் பழம், தயிர், கடலை, கலியாண வீடு எல்லாம் கேட்டேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்ப இவங்க செய்யாதது எதையாச்சும் நீங்க செஞ்சீங்களா பாக்கியம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பாக்கியம் பெருமூச்சு விட்டாள். "அதத்தான் நானும் மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன் ஐயா. நான் மருந்து குடிச்சேன், இவ குடிக்கல. குடிச்ச எனக்கு வந்திருச்சு, குடிக்காத இவளுக்கு வரல. இது என்னா நியாயம்?"

"எந்த மருந்து?"

"நம்ம டீச்சரம்மா கோயில்ல குடுத்தாங்களே, கீழாநெல்லி. இவ கோயிலுக்கு வாறவ இல்லையே, முருகன் கோயிலுக்குல்ல போவா."

பேனா என் கையிலிருந்து விழுந்தது. கமலம்தான் எடுத்துத் தந்தாள்.

"போன தடவ நான் கேட்டப்ப இத ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்கன்னுதானே கேட்டீங்க? அது சாப்பாடு இல்லையே ஐயா. மருந்துல்ல?" என்றாள் பாக்கியம். அப்புறம் என்னைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள். "எனக்கு அந்தக் கசப்பு ஆகாது. ஐயா ஒரே இழுப்பா குடிச்சுட்டு கிளாசக் கவுத்துக் காட்டுனீங்க பாருங்க, அதப் பாத்துட்டுத்தான் ரெண்டு கிளாஸ் குடிச்சேன்."

ஜன்னலோரம்

லயத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு மைல். மோட்டார் சைக்கிளில் வரும்போதுதான், அதே சாற்றைக் குடித்த எனக்கு ஏன் வரவில்லை என்பது புரிந்தது: பதினொரு வயதில் வந்துபோன காமாலை.

ரீட்டா வீட்டில்தான் இருந்தாள். உடம்பு அசதி என்று இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு திருத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கீழாநெல்லிய எங்க பறிச்சே?"

"ஏன்? மேல் லயத்துக்குக் கீழ கான் ஓரம். அங்கதான் செழிப்பா மொளச்சுக் கெடந்துச்சு."

மேல் லயம். யாத்திரைக்குப் போய் வந்து முதலில் வருத்தம் வந்த குடும்பம் இருக்கிற லயம். மழைக்காலத்தில் அவர்களுடைய கக்கூஸ் குழி நிறைந்து வழிந்து அந்தக் கான் வாய்க்காலுக்குள்தான் இறங்கும். அதைச் சீர்செய்யச் சொல்லித் தோட்டத்துரைக்கு இரண்டு கடிதம் எழுதியவன் நான். அந்த ஓரத்தில் எதுவும் ஏன் செழிப்பாக முளைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"எதுல கழுவுனே?"

"மண்ணுப் போக அந்தக் கான் தண்ணிலயே அலசுனோம். அப்புறம் வீட்டுல ஒரு தடவ குழாயில. என்னங்க, ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"மோர்ல கலந்த தண்ணி?"

"பச்சத்தண்ணிதான். சூடு காட்டக் கூடாதே." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி. நான் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மடியிலிருந்த தாள்கள் தரையில் சரிந்தன.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னல் வெளிச்சம் கண்ணில் விழுந்தது. கிட்டப் போய்த் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

பத்து நாளாக ஊரில் இருக்கிறவர்களின் இமையையெல்லாம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில், என் பாயில் படுத்து எழும்புகிறவளின் கண்ணைப் பார்க்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று அவள் சொன்னபோது, பள்ளிக்கூட வேலை என்று நான்தான் சொன்னேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

ரீட்டா அழவில்லை. கதவு வழியே தெரிந்த சமையலறைச் சுவரொட்டியைப் பார்த்தாள். பிறகு, "மொதல்ல போய் நானா கடையத் தொறந்து விடுங்க" என்றாள்.

நானா கேட்ட கடிதம்

உடனே திறக்க முடியவில்லை. பழைய படிவத்தில் இருந்த எல்லாரிடமும் மறுபடி போனேன், ஒரே ஒரு கேள்வியோடு. கோவிலில் மருந்து குடித்தீர்களா? குடித்தேன், குடித்தேன், குடித்தேன். ஜோசப்பும் குடித்திருந்தார். கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு வாரமாகக் கிடந்தவர், என்னைப் பார்த்ததும், "டீச்சருக்குச் சொல்லுங்க ஐயா, இன்னும் கொஞ்சம் குடுத்தா நல்லது" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கான் தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மலம் கலந்திருப்பதாகப் பதில் வந்தது. நோயின் மூலம் என்ற கட்டத்தில் நான் முன்பு எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, என் கையாலேயே என் மனைவியின் பெயரை எழுதினேன். கீழே, மருந்தைப் பாதுகாப்பானது என்று பகிரங்கமாகக் குடித்துக் காட்டியவர் என்று என் பெயரையும் எழுதினேன். டாக்டர் மிஸ் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடையைத் திறக்கக் கையெழுத்துப் போட்டார்.

அறிவித்தலைக் கிழிக்கப் போனேன். நானாவின் பசை விடவில்லை. நகத்தால் சுரண்டினேன். நானா பக்கத்தில் நின்று எல்லாக் கதையையும் கேட்டார். கோபப்படுவார், ஏசுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கம்பளைக்குக் காட்ட ஒரு கடிதம் வேணும் ஐயா" என்றார். "எங்கட கடையால வரல்லண்டு எழுதினாப் போதும்."

"எதால வந்துச்சுன்னும் எழுதித் தாறேன் நானா. அப்பத்தான் நம்புவாங்க."

"வாணாம். டீச்சர்ட பேர எழுத வாணாம். அவங்க நல்லதுக்குத்தான் செஞ்ச. ஒரு பொம்புளட பேர நாசமாக்கி எங்கட புள்ளைக்கு வாழ்க்க வாணாம் ஐயா."

நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். இந்த மனிதனிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவர் பெயரை மூன்று மொழியில் எழுதிக் கதவில் ஒட்டியவன் நான்.

வீட்டுக்கு வந்து ரீட்டாவிடம் சொன்னேன். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "கடிதத்துல எழுதாட்டி நானே போய்ச் சொல்றேன்" என்றாள். சொன்னபடி செய்தாள். நடக்கத் தெம்பு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். "நான்தான் அரைச்சுக் குடுத்தேன். நானா கடைல ஒரு பிழையும் இல்ல. என்னை மன்னிச்சுக்கங்க" என்றாள். அந்தப் பேச்சையும் யாரோ போனில் பதிவு செய்தார்கள். ஆனால் முதல் பதிவு ஓடிய அளவுக்கு இது ஓடவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் கம்பளைக்குப் பஸ் ஏறினோம். மாப்பிள்ளையின் வாப்பா ஸ்டேஷன் பக்கத்தில் புடவைக்கடை வைத்திருப்பவர். ரீட்டா சொன்னதை முழுவதும் கேட்டார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"நாங்க நம்புறோம் டீச்சர்" என்றார். "ஆனா எங்கட குடும்பத்துல நூறு வாய் ஈக்கி, ஒவ்வொண்டும் ஒண்டு பேசும். நிக்காஹ்வுக்கு நீங்க ரெண்டு பேரும் வரணும். வந்து ஹனீபா நானாட சாப்பாட்ட எல்லாரும் பாக்கச் சாப்பிடணும். பீ.எச்.ஐ.யே சாப்பிட்டாருண்டா பொறகு ஒத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் கேட்டது என்ன என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரே சஹன்

நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. திகனப் பக்கம் ஒரு மண்டபம். சமையல் ஹனீபா நானாவின் பொறுப்பு. வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். ரீட்டா பெண்கள் பக்கம் போய்விட்டாள். என்னை ஆண்கள் பக்கம் முதல் சஹனில் உட்கார வைத்தார்கள்.

சஹன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. நெய்ச்சோறு குவித்து, மேலே கோழியும் கத்தரிக்காய் மோஜுவும் வைத்திருந்தார்கள். என் எதிரே மாப்பிள்ளையின் வாப்பா. இரண்டு பக்கமும் கம்பளையிலிருந்து வந்த பெரியவர்கள். பக்கத்துச் சஹன்களிலும் ஒருவரும் கை வைக்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிஸ்மி செல்லிக் கை வைங்க ஐயா" என்றார் நானா, என் பின்னால் நின்றுகொண்டு. "நீங்க வச்சாத்தான் அவங்க வைப்பாங்க."

கோவில் முற்றம் அப்படியே கண் முன்னால் வந்தது. அதே வட்டம், அதே கண்கள், என் வாயைப் பார்த்துக்கொண்டு. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"நானா, தண்ணி கொதிக்க வச்சதா?"

கம்பளைப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். நான் நானாவின் பிழைப்பை இரண்டாவது தடவையாகக் கெடுக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. ஆனால் கேட்காமல் என்னால் முடியாது.

"என்ன ஐயா, இன்னும் சந்தேகமா?" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா.

"நானா மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல" என்றேன். "போன தடவ என் பொண்டாட்டி கையால குடுத்தா. நான் கேக்காம குடிச்சேன். என்னைப் பாத்து ஊரே குடிச்சுச்சு."

நானா என் தோளைத் தொட்டு எழுப்பி, சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். மாப்பிள்ளையின் வாப்பாவும் எழுந்து பின்னால் வந்தார். அடுப்பில் ஆள் உயரத்துக்குப் பானை. நானா மூடியைத் திறந்தார். தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி அடித்து என் கண்ணாடியை மறைத்தது. பக்கத்தில் ஆறவைத்த தண்ணீர் மூடிபோட்ட வாளிகளில் இருந்தது.

"விடிய நாலு மணிலேந்து கொதிக்குது ஐயா" என்றார் நானா. "நீங்க கேப்பீங்கண்டு தெரியும். கேக்காட்டித்தான் எனக்குப் பயம்."

திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஆறு பேரும் கை கழுவினோம். நான் முதலில் கை வைத்தேன். என் பின்னால் மற்ற ஐந்து கைகளும் வந்தன. சோறு நல்ல சூடாக இருந்தது.